மந்திரவாதியின் ஆற்றலும் வருணனைப் பெருக்கமும்

மாயப்புனைகதையில் வரும் மந்திரவாதியின் ஆற்றலை வாசகன் உணர வேண்டுமாயின் இடியும் மின்னலும் தீப்பிழம்பும் பக்கந்தோறும் நிரம்பியிருத்தல் வேண்டும் என்பார் பலர். அடைமொழிகள் பெருகப் பெருக ஆற்றலும் பெருகும் என்பது அவர்தம் எண்ணம். 'அண்டமே நடுங்கிற்று' என எழுதிவிட்டால் வருணனை நிறைவெய்திவிட்டதென அவர்கள் அமைதி கொள்கின்றனர். உண்மையில் இத்தகைய எழுத்து எதனையும் காட்டுவதில்லை. வாசகனிடம் வியப்பைக் கடனாகக் கேட்கின்றது. (முதல் அத்தியாயத்திலேயே அண்டத்தை நடுங்கச் செய்த ஆசிரியன் இறுதி அத்தியாயத்தில் எதனை நடுங்கச் செய்வான் என்பது வேறு விடயம்.)

ஆங்கில மாயப்புனைகதையின் தலைசிறந்த படைப்புக்கள் இக்கொள்கைக்கு இடந்தரவில்லை. ரோல்கின் எழுதிய 'லோட் ஒவ் த றிங்ஸ்' நாவலின் முதற் பாகம் 1954 இல் வெளிவந்தது. அதில், மோரியாச் சுரங்கத்திலே கண்டல்ஃப் என்னும் மந்திரவாதி ஒரு கதவை மந்திரத்தாற் காக்க முனைகின்றான். அம்மோதல் நேரடியாக வருணிக்கப்படவில்லை. கீழே இருளிற் காத்து நிற்கும் தோழர்கள் காண்பன, மேலே தோன்றி மறையும் ஒரு வெண்ணொளியும், படிகளில் விரைந்து வந்து தம் நடுவே வீழும் கிழவனுமே. அதன்பின் வழிகாட்ட ஒளியேற்றவும் இயலாதவாறு அவன் தளர்ந்துவிடுகின்றான். கூட்டத்தினர் இருளிலேயே நடக்க நேர்கின்றது. எத்துணை ஆற்றல் செலவாயிற்று என்பதை அவ்விருளே உணர்த்திவிடுகின்றது. பின்னர்ப் பாலத்தின் மீது, பல்ரொக் எனும் தீவடிவான பூதத்தின் முன்னே, அவன் சிறியவனாகவும் கூனியவனாகவும் தனியனாகவுமே நிற்கின்றான். அவன் அறைந்த அறையிற் கோலும் முறிகின்றது, பாலமும் முறிகின்றது. அக்காட்சியிலே தீயும் உண்டு, ஒளியும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் வாசகன் மனத்தில் நிலைப்பது முறிந்த கோலன்றோ?

இவ்வாறு அடக்கி எழுதினால் இளம் வாசகர் சலிப்படைவர் என மறுப்புரைப்போரும் உளர். அம்மறுப்பை ஊர்சுலா லெ குவின் 'ஏர்த்சீயின் மந்திரவாதி' (1968) நாவலுக்குள்ளேயே கொணர்ந்துவிட்டார். நிலநடுக்கத்தை அடக்கியவன் எனப் பெயர்பெற்ற ஓகியன், மழை பொழியும்போது அதனை விலக்காது மரமொன்றின் கீழ்ப் படுத்துறங்குகின்றான். உடன் நனையும் மாணவன் கெட், பயன்படுத்தாத ஆற்றலால் யாது பயன் எனச் சினங்கொள்கின்றான். ஆரவார வருணனையை வேண்டுவோரின் குரல் இதுவேயாகும்.

அக்குரலுக்குரிய விடையையும் நாவலே தருகின்றது. தன் வலிமையைச் சகமாணவன் முன் நிலைநாட்டும் செருக்கிலே கெட் இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கின்றான். திறந்த பிளவின் வழியே நிழலொன்று வெளிப்பட்டு அவனைக் கிழிக்கின்றது. பிளவை மூடிய முதுபெருந் தலைவர் நெமெர்லே தம் ஆற்றல் முழுவதையும் இழந்து இறக்கின்றார். விலை செலுத்தியவர் யார் என்பதை மறைத்து வலிமையை மட்டும் வியக்கச் செய்யும் எழுத்து, வாசகனைக் கெட்டின் செருக்கிலேயே நிறுத்திவிடுகின்றது. நெமெர்லேயின் மரணம் அவனுக்குத் தெரிவதேயில்லை. லெ குவின் அம்மரணத்தையும் காட்டுகின்றார். நெடுநாள் நோயுற்றுக் கிடந்து எழுந்த கெட்டின் முகத்தில் மறையாத தழும்புகளையும் எழுதுகின்றார்.