அட்டவணையில் உண்டு, மைதானத்தில் இல்லை: 14 வயதோடு நின்றுபோகும் உடற்கல்வி

புதுதில்லி: வளரிளம் பருவத்தினருக்கு உடல் இயக்கம் மிகுதியாகத் தேவைப்படும் ஆண்டுகளில்தான், பள்ளிகளில் உடற்கல்விக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு முடிவுக்கு வருகிறது. அதன் பிறகு அது சுற்றறிக்கைகளையும், பள்ளி நிர்வாகத்தின் விருப்பத்தையும் நம்பியே நிற்கிறது.

5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலுக்கு உழைப்புத் தர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019-ல் வெளியான அந்த அமைப்பின் ஆய்வு, 11 முதல் 17 வயதுக்குட்பட்ட பள்ளி மாணவர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை எனத் தெரிவித்தது. மாணவர்களில் 78 சதவீதம். மாணவிகளில் 85 சதவீதம். இந்தியாவின் நிலை உலக சராசரியைவிடச் சற்று மேல் என்றாலும், இங்கும் ஏறத்தாழ நான்கு பேரில் மூவர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்களே.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் விளையாட்டு மைதானத்தை வலியுறுத்துகிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் பயின்றால், உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் இச்சட்டத்தின் வரம்பு 14 வயதுடன் முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் நுழையும் மாணவருக்கு இத்தகைய உத்தரவாதம் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை உடற்கல்வியைக் கட்டாயமாக்கி, நாள்தோறும் ஒரு பாடவேளையை ஒதுக்குமாறு சிபிஎஸ்இ 2018-ல் அறிவுறுத்தியது. எனினும் பொதுத்தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் அது சேர்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உடற்கல்வியை விருப்பப் பாடமாக எடுப்போருக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அங்கும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என்பதே கணக்கு. களத்தில் ஓடுவதைவிட ஓட்டத்தைப் பற்றி எழுதுவதற்கே மதிப்பு அதிகம்.

மைதானம் இல்லாததுதான் தடை என்ற வாதமும் முழுமையானதல்ல. ஊரகப் பள்ளிகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டின் 'ஏசர்' அறிக்கையின்படி, பத்தில் எட்டுப் பள்ளிகளுக்கு வளாகத்திலோ அருகிலோ மைதானம் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் இருந்ததோ நடுநிலைப் பள்ளிகளில் 30.8 சதவீதத்திலும், தொடக்கப் பள்ளிகளில் 5.8 சதவீதத்திலும் மட்டுமே. இடம் இருக்கிறது, வழிநடத்த ஆள் இல்லை.

ஆள் இருக்கும் பள்ளிகளிலும் பொதுத்தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளையே. உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்க வேண்டாம் எனத் தமிழ்நாட்டின் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் கணித, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டது, இவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதைக் காட்டுகிறது.

இதில் பெரிய இழப்பு மாணவிகளுக்கே. பள்ளியில் விளையாடாத மாணவனுக்கு மாலையில் தெருவோ திடலோ கிடைத்துவிடும். பருவமடைந்த மாணவிக்குப் பல ஊர்களில் அந்த வாய்ப்பு இல்லை. கழிப்பறை, உடை மாற்றும் இடம், பெண் பயிற்றுநர் ஆகியவை இல்லாத பள்ளியில் அவள் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்துவிடுகிறாள். பள்ளி தரும் அந்த 40 நிமிடங்களும் போனால், அவளுக்கு எஞ்சுவது ஏதுமில்லை.

2023-ல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு, உடற்கல்வியையும் உடல்நலனையும் தனியொரு பாடப்பிரிவாக ஏற்றுள்ளது. ஆயினும் கல்வி பொதுப் பட்டியலிலும் விளையாட்டு மாநிலப் பட்டியலிலும் இருப்பதால், மாநிலங்கள் முன்வராமல் இது வகுப்பறையைத் தாண்டாது. கேலோ இந்தியா போன்ற திட்டங்கள் திறமையாளர்களைக் கண்டெடுக்கின்றன. அணியில் ஒருபோதும் இடம்பெறப் போகாத பெரும்பான்மையினருக்கோ அன்றாடப் பாடவேளை ஒன்றே வழி.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் சட்டத்தால் உறுதிசெய்யப்படுமா? ஒதுக்கிய பாடவேளைகளில் எத்தனை உண்மையில் நடந்தன என்பதைப் பள்ளி ஆய்வுகள் பதிவுசெய்யுமா? பதில் கிடைக்கும்வரை, உடற்கல்வி அட்டவணையில் மட்டுமே இருக்கும் பாடமாகவே நீடிக்கும்.