டேப் விசையில் மறையும் ஏழாம் பகுதி

கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அச்சு நூலின் பாடத்தைச் சுவடிப் பாடத்தோடு ஒப்பிட விரும்பும் ஆய்வு மாணவர், அச்சுப் பாடத்திலிருந்து புள்ளிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஒப்பிடுவது இயல்பான முதற்படி. எழுத்துகளை நீக்கவும் மாற்றவும் யூனிக்ஸில் 'டிஆர்' என்னும் சிறு கட்டளை உண்டு. நண்பரின் மேக் கணினியில் அது புள்ளியை மட்டும் நீக்கித் தருகிறது. அதே வரியைத் துறையின் லினக்ஸ் கணினியில் இட்டால் கோப்பு முழுவதும் சிதைந்த குறிகளாகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை.

காரணம் எளியது. பரவலாக நிறுவப்பட்டுள்ள ஜிஎன்யு பதிப்பின் 'டிஆர்' எழுத்தை அறியாது. பைட்டை மட்டுமே அறியும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது, எல்லாவற்றுக்கும் முதல் பைட்டு ஒன்றே. புள்ளியை நீக்கச் சொன்னால் அந்த முதல் பைட்டும் நீங்குகிறது. ஆகவே எல்லா எழுத்துகளும் தலையிழக்கின்றன. இதைவிட வேடிக்கையான நிகழ்வும் உண்டு. மகரத்தை ரகரமாக மாற்றும்படி அதே கட்டளையைக் கேட்டால், பாடத்திலுள்ள உயிர்களும் மெய்களும் தெலுங்கு எழுத்துகளாகிவிடும். இந்திய எழுத்துகளை ஒருங்குறி இணையான வரிசையில் அடுக்கியிருப்பதால், நடுவிலுள்ள ஒரு பைட்டு மாறியதும் ககரம் தெலுங்குக் ககரமாகிறது. புள்ளியோ தமிழாகவே நிற்கும். மொழியியல் வகுப்பில் சிரிக்கலாம். ஆய்வேட்டின் அட்டவணையில் இது நேர்ந்தால் சிரிக்க இயலாது.

இவை எல்லாம் எழுதிவைக்கப்பட்டவை. அண்மைப் பதிப்புகளில் அக்கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே, குறைகளைக் கூறும் பகுதியில், ஒற்றைப் பைட்டு எழுத்துகளுக்கு மட்டுமே முழு ஆதரவு உண்டு என்ற எச்சரிக்கை உள்ளது. பைட்டுக்கும் எழுத்துக்குமுள்ள உறவை விளக்க 'யூனிகோட்', 'யுடிஎஃப்-8', 'லொக்கேல்' என்னும் தலைப்புகளில் தனிப் பக்கங்களே உள்ளன. அவை மாணவரின் கணினியிலேயே, இணைய இணைப்பு இல்லாமலும் கிடைக்கின்றன. ஆயினும் மொழித்துறை மாணவர்களில் அவற்றைத் திறந்தவர் அரியர். சோம்பலே காரணம் என்பது ஆசிரியர்கள் வழக்கமாகக் கூறும் விடை. அது நேர்மையான விடையன்று. கையேட்டின் வாயில் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை. அந்த வாயில் டேப் விசை.

முனையத்தில் 'மேன்' என்று எழுதி, ஓரிரு எழுத்துகளை இட்டு, டேப் விசையை அழுத்தினால் என்ன நிகழ்கிறது? கூடுதல் அமைப்பு ஏதுமில்லாத பாஷ் ஷெல்லில், இருக்கும் கோப்புறையிலுள்ள கோப்புகளின் பெயர்கள் வருகின்றன. கையேட்டைக் கேட்டவருக்கு அவருடைய கோப்புகளையே திருப்பிக் காட்டும் விந்தை இது. பாஷ் நிறைவுத் தொகுப்பு நிறுவப்பட்ட கணினிகளில் நிலை மேம்பட்டிருக்கிறது. பக்கங்களின் பெயர்கள் வருகின்றன. ஆனால் அவை எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்ற எண் உதிர்க்கப்பட்டு, ஒரே பெயருடையவை ஒன்றாக்கப்பட்டு வருகின்றன. 'பிரிண்ட்எஃப்' என்பது முதற்பகுதியில் ஷெல் கட்டளை. மூன்றாம் பகுதியில் சி மொழியின் செயற்கூறு. 'பாஸ்வேர்ட்' என்பதன் சுருக்கமான 'பாஸ்டபிள்யூடி' முதற்பகுதியில் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை. ஐந்தாம் பகுதியில் ஒரு கோப்பின் வடிவம். 'லொக்கேல்' முதற்பகுதியில் ஒரு கட்டளை, ஐந்தில் ஒரு கோப்பு வடிவம், ஏழில் ஒரு விளக்கவுரை. டேப் விசை மூன்றையும் ஒரே சொல்லாகக் காட்டுகிறது. உள்ளிடு விசையை அழுத்தினால் முதற்பகுதியே முன்னுரிமை பெற்றுத் திறக்கிறது. ஏழாம் பகுதியில் அதே பெயரில் ஓர் உரை இருப்பதே பயனருக்குத் தெரிவதில்லை.

இது ஒப்புருச் சொற்களின் சிக்கல்; அகராதியியல் பயின்றவருக்குப் புதிதன்று. 'கல்' என்னும் பெயரையும் 'கல்' என்னும் வினையையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவுகளாக வைக்கிறது. அந்த எண்களை அழித்து ஒரே பதிவாக்கி, முதலில் வரும் பொருளை மட்டும் காட்டும் அகராதியை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. யூனிக்ஸ் கையேட்டை எழுதியவர்களும் அவ்வாறு செய்யவில்லை. 1971 நவம்பர் 3 என்று நாளிடப்பட்ட முதற்பதிப்பிலேயே, கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பக்கங்களை ஏழு பகுதிகளாகப் பிரித்திருந்தனர். பராமரிப்புக்கான எட்டாம் பகுதி பின்னர் சேர்ந்தது. பகுதி எண் பெயரின் பிரிக்க இயலாத கூறு என்பதே அவர்களின் ஏற்பாடு. அதை உதிர்த்தது பின்வந்த நிறைவு நிரல்களின் வசதி நோக்கு.

உதிர்ந்ததை மீட்பது கடினமன்று. இசட் ஷெல்லின் நிறைவு அமைப்பில் கையேட்டுப் பக்கங்களுக்கென்றே இரு அமைவுகள் உண்டு. 'செப்பரேட்-செக்ஷன்ஸ்' என்பதை இயக்கினால் பட்டியல் பகுதிவாரியாகப் பிரிகிறது. 'இன்சர்ட்-செக்ஷன்ஸ்' என்பதை இயக்கினால், தேர்ந்தெடுத்த பக்கத்தின் பகுதி எண் கட்டளைவரியில் தானாகவே எழுதப்படுகிறது. குழுக்களுக்குத் தலைப்பிடும் வரியையும் சேர்த்தால் அமைவுக் கோப்பில் மூன்று நான்கு வரிகளே. அதன்பின் 'லொ' என்று எழுதி டேப் விசையை அழுத்தும் மாணவர், முதற்பகுதிக் கட்டளையோடு ஏழாம் பகுதி உரையும் தனித் தலைப்பின்கீழ் நிற்பதைக் காண்கிறார். தேடாத ஒன்று கண்ணில் படுகிறது. நூலகத்தில் நாடிச் சென்ற நூலுக்குப் பக்கத்து நூலை எடுத்துப் பயனடைந்தவருக்கு இதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

பாஷ் ஷெல்லை விட விரும்பாதவர் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம்: பகுதி எண்ணை முதலில் எழுதிவிட்டு டேப் விசையை அழுத்துவது. நிறைவுத் தொகுப்பு அப்போது அந்தப் பகுதியின் பெயர்களை மட்டுமே தருகிறது. ஏழு என்று இட்டுப் பட்டியலை ஒருமுறை முழுதும் பார்ப்பது ஒரு மாலைப்பொழுதுக்குத் தகுந்த வேலை. ஃபிஷ் ஷெல் வேறொரு திசையில் சென்றது. அது கையேட்டுப் பக்கங்களைப் படித்து, அவற்றிலிருந்தே கட்டளைகளின் விருப்பக் குறிகளுக்கான நிறைவுகளை விளக்கத்தோடு உருவாக்கிக்கொள்கிறது.

ஒரு குறையை ஒப்புக்கொண்டாக வேண்டும். எத்தனை அமைவுகளைச் செய்தாலும், டேப் விசை முதலெழுத்தை அறிந்தவருக்கே உதவும். அம்முதலெழுத்தோ ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். தமிழ்வழியில் பயின்று முதுகலைக்கு வந்த மாணவருக்கு அது இருமடங்கு மறைபொருள். நிகண்டுகள் பொருள்வழியே சொல்லைத் தேட வழி தந்தன. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி எழுத்துவழியே தேட வழி தந்தது. இரண்டும் வேண்டும். கையேட்டில் நிகண்டின் வேலையைச் செய்வது 'அப்ரொப்போ' கட்டளை. ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் தேடித் தரும். அதன் விளைவை 'எஃப்இசட்எஃப்' போன்ற தேர்வுக் கருவிக்குள் செலுத்தி ஒரு விசைக்குக் கட்டிவிட்டால், பெயர் தெரியாமலேயே பக்கத்தை அடையலாம். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பது மெய்தான். ஆயினும் முழுச் சொற்களால் ஆன ஒரு வரி, இரண்டெழுத்துச் சுருக்கத்தைவிடக் கருணை மிக்கது.

அமைவுக் கோப்புகளை அலங்கரிப்பது கணினி ஆர்வலர்களின் பொழுதுபோக்கு. ஆய்வாளர் அதில் காலத்தைச் செலவிடலாகாது என்பர் சிலர். வண்ணங்களையும் எழுத்துருக்களையும் பொறுத்தவரை அது சரியே. இங்கு பேசப்படுவது அலங்காரமன்று. எந்த அறிவு கண்ணில் படும், எது படாது என்பதை முன்னிருப்பு அமைவு ஆய்வாளரைக் கேளாமலே முடிவுசெய்கிறது. உரையாடு செயலிகளைக் கேட்டால் விடை கிடைக்கும்போது கையேடு எதற்கு என்ற கேள்விக்கும் புள்ளி நீக்கிய கதையே விடை. பொதுவான விடை எந்தக் கணினிக்கானது என்பதைச் சொல்லாது. கையேட்டுப் பக்கம், நிறுவப்பட்ட பதிப்போடு சேர்ந்தே வருவது.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. ஆய்வகங்களில் இன்று பெருகிவரும் டாக்கர் கொள்கலன்களில் கையேடே இருப்பதில்லை. உபுண்டுவின் கொள்கலப் படிமம், இடத்தை மிச்சப்படுத்தக் கையேட்டுப் பக்கங்களை விலக்கியே நிறுவுகிறது. அங்கே டேப் விசை எதையும் தராது. அமைவு பிழையா, பக்கமே இல்லையா என்பதும் விளங்காது. பக்கங்களை மீண்டும் நிறுவ 'அன்மினிமைஸ்' என்னும் கட்டளையை உபுண்டு வைத்திருக்கிறது. கற்பிக்கும் கொள்கலன்களை உருவாக்குவோர் அதை முதல்நாளே இயக்கிவைப்பது மாணவருக்குச் செய்யும் சிறு நீதி.

ஆய்வு முறையியல் வகுப்புகளில் இன்று வழங்கப்படுவது பெரும்பாலும் கட்டளைகளின் பட்டியல்: இதைப் படியெடுத்து ஒட்டுக என்பது அதன் மறைமுக அறிவுரை. 'தமிழ்' என்னும் சொல்லை 'டபிள்யூசி' கட்டளையிடம் தந்தால், பைட்டுக் கணக்கில் 15 என்றும் குறியெண் கணக்கில் 5 என்றும் வரும். மூன்றெழுத்து என்ற விடை அதில் எங்கும் வராது. இதைத் தானே கண்டறியாத மாணவர் எழுத்தெண்ணிக்கை பற்றி எழுதும் எந்த இயலும் ஐயத்துக்குரியது. அப்பட்டியலுக்கு மாறாக, விளக்கக் குறிப்புகளோடு கூடிய ஓர் அமைவுக் கோப்பையும் ஏழாம் பகுதிக்கு ஒரு வகுப்பு நேரத்தையும் பாடத்திட்டம் தரலாம்.

துறைகள் தாமே எழுதிய நிரல்களுக்கும் இது பொருந்தும். சந்தி பிரிக்கவும் புள்ளி நீக்கவும் எழுதப்பட்ட நிரல்கள், எழுதியவர் பட்டம் பெற்றுச் சென்றதும் எவருக்கும் விளங்காமல் கிடக்கின்றன. அந்நிரலுக்கு ஒரு கையேட்டுப் பக்கம் எழுதி, பயனரின் சொந்தக் கோப்புறையில் உரிய இடத்தில் வைத்தால், லினக்ஸின் 'மேன்' அதையும் கண்டுகொள்கிறது. டேப் விசை அதையும் ஏனையவற்றோடு வரிசையில் நிறுத்துகிறது. பெயர்ப் பகுதியின் ஒருவரி விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். குறைகளைக் கூறும் பகுதியை மட்டும் வெறுமையாக விடலாகாது. அடுத்து வரும் மாணவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.