புனேயின் கரிசல் மண்: அடித்தளத்துக்குப் பரிசோதனை, கழிவுநீர்த் தொட்டிக்கு?

புனே: மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டத்தில் 2025 ஜனவரியில் கில்லன்-பாரே நோய்க்குறி பரவியது. சில வாரங்களில் 200-க்கும் மேற்பட்டோருக்குப் பாதிப்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. சிங்ககட் சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி பகுதிகளிலிருந்தே பலர் மருத்துவமனைகளுக்கு வந்தனர். (இந்த நாந்தேட், மராத்வாடாவில் உள்ள நகரம் அல்ல; புனேயின் தென்மேற்கு விளிம்பில் உள்ள கிராமம்.) சில நோயாளிகளின் மல மாதிரிகளில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி பாக்டீரியாவும் நோரோ வைரஸும் கண்டறியப்பட்டன. இதையடுத்து அப்பகுதிக் கிணறுகள் மீதும் குடிநீர்க் குழாய்கள் மீதும் அதிகாரிகளின் பார்வை திரும்பியது.

நோய்க்கு மண்ணே காரணம் என்று கூற இடமில்லை. எனினும், வீட்டுக் கழிவுநீர் குடிநீரை எட்டும் வாய்ப்பு இப்பகுதியில் ஏன் அதிகம் என்ற கேள்விக்கான விடையில் பாதி நிலத்தடியில்தான் உள்ளது.

புனே நகரம் தக்காணத்தின் எரிமலைப் பாறை மீது அமைந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய தீக்குழம்பே இங்குள்ள கருங்கல். அது சிதைந்து உருவான கரிசல் மண், முளா, முட்டா ஆற்றுப் படுகைகளில் பல அடி ஆழத்துக்கும், குன்றுச் சரிவுகளில் மெல்லிய போர்வையாகவும் படிந்துள்ளது. அதன் கீழே, மராத்தியில் 'முரூம்' எனப்படும் பாதி சிதைந்த சரளைப் படிவம்; அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடிய பாறை.

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரத்தினருக்கு இம்மண்ணின் குணம் புதிதல்ல. மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் சுவர்கள் விரிசல் விடுவதால் கட்டுநர்கள் கரிசலை அகற்றிவிட்டு, முரூம் அல்லது பாறை வரை தோண்டியே அடித்தளம் இடுகின்றனர். மண் மிக ஆழமாக உள்ள இடங்களுக்கென, அடிப்பகுதி குடம்போல் விரிந்த தூண் அடித்தள முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கியது. ஆக, கட்டடத்தைப் பொறுத்தவரை மண்ணுக்கு உரிய மரியாதை கிடைக்கிறது.

கழிவுநீர்த் தொட்டிக்கு அந்த மரியாதை கிடைப்பது அரிது. தொட்டியிலிருந்து வழியும் நீரை உறிஞ்சு குழி வழியே மண் மெல்ல வடிகட்ட வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை. ஈரத்தில் உப்பிய கரிசலில் நீர் இறங்குவதில்லை. குழி நிரம்பி வழிகிறது. இதைத் தவிர்க்க முரூம் வரை தோண்டினால் நீர் விரைவாக இறங்கிவிடும். ஆனால் வடிகட்டப்படாமலே பாறை வெடிப்புகளில் புகும். கிணறுகளுக்கு நீர் ஊறுவதும் அதே வெடிப்புகளில்தான். கழிவுநீர் கண்ணில் படாததால், இந்த இரண்டாவது நிலையே அதிக ஆபத்தானது.

இதற்கான விதிகள் இல்லாமல் இல்லை. குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சு குழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470. சோதனைக் குழியில் நீர்மட்டம் 25 மி.மீ. இறங்க 60 நிமிடங்களுக்கு மேல் ஆகும் மண்ணுக்கு, உறிஞ்சு குழிக்குப் பதிலாக வடிகட்டி அமைப்பை அது பரிந்துரைக்கிறது. இச்சோதனைக்குத் தேவை ஒரு குழி, சில வாளி நீர், ஒரு கடிகாரம். ஆனால் 18 மீட்டர் என்பது மண் வடிகட்டும் என்ற நம்பிக்கையில் எழுந்த அளவு; வெடிப்புப் பாறையில் அதைப் போதுமானதாகக் கருத முடியாது. நெருக்கமாக எழுந்த புறநகர் மனைகளிலோ அந்த 18 மீட்டருக்கே இடமில்லை.

புனே மாநகராட்சி 2017-இல் 11 கிராமங்களையும், 2021-இல் நாந்தேட், கிர்கட்வாடி உள்ளிட்ட 23 கிராமங்களையும் இணைத்துக்கொண்டது. அதற்கு முன்பே அங்கு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பாதாளச் சாக்கடை பின்தங்கியது. பாறையை உடைத்துக் குழாய் பதிப்பது செலவும் காலமும் பிடிக்கும் வேலை என்பதால், இடைக்காலத்தில் பல வீடுகளுக்குத் தொட்டியும் கழிவுநீர் அகற்றும் லாரியுமே துணை.

தோட்டம் போடுவோரின் சிக்கல் வேறு வகை. அடித்தளம் தோண்டும்போது வளமான கரிசல் வெளியேறிவிட, மனையில் எஞ்சுவது ஈரம் தங்காத முரூம். கரிசல் எஞ்சிய இடங்களில் மக்கிய உரமும் மணலும் கலந்து, பாத்தியை உயர்த்தினால்தான் வேர் அழுகாது. தொட்டி நீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்த நீரில் நோய்க்கிருமிகள் உயிருடன் இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறி உறிஞ்சு குழிகளின் அடிமட்டத்தை நெருங்கும். கிணற்று நீரை நம்பியுள்ள குடும்பங்கள் அம்மாதங்களில் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுவதும், மழைக்கு முன்னும் பின்னும் கோலிஃபார்ம் பரிசோதனை செய்துகொள்வதும் இப்போதே செய்யக்கூடியவை.