பதிவு எண் என்ன என்று கேளுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் தன்மை மாறிவிடும். சாதிச் சான்றிதழ், விடுதி இடம், வகுப்பறைப் பாகுபாடு என்று பேசுகிற மாணவர்களோடு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்களும் பேசத் தொடங்குவார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான்: “விசாவுக்கு யாரைப் பிடிக்கலாம்?”

‘பிடிப்பது’ என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள் தோழர்களே. பட்டாவுக்கு ஒருவரை, முதியோர் பென்ஷனுக்கு ஒருவரை, வங்கிக் கடனுக்கு ஒருவரை எனப் பிடித்துப் பிடித்தே பழகிய தெருக்களிலிருந்து நாம் வருகிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் மனுவை நேராக வாங்கிக்கொள்வார் என்கிற நம்பிக்கையை இந்த அரசு இயந்திரம் நமக்குக் கொடுத்ததே இல்லை. அதனால்தான் லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ விண்ணப்பிக்கும்போதும் நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று மனம் தேடுகிறது.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்களில் பெரும்பாலோருக்கு யாரும் தேவையில்லை. தேவைப்படும் சிலர், நீங்கள் போகும் நாட்டின் சட்டப்படி உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ அந்நாட்டு வழக்கறிஞரிடமோ மட்டும் போங்கள். உரிமம் இல்லாதவர் இலவசமாகச் செய்துதருகிறேன் என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆதிக்கச் சாதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. டொராண்டோவில் மாமா இருப்பார், மெல்போர்னில் அக்கா இருப்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிவத்தை ஒரு பார்வை பார்த்துத் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். சமூகவியல் வகுப்பில் இதைச் ‘சமூக மூலதனம்’ என்று படித்தோம். முதல் தலைமுறையாகக் கடல் கடக்கும் நம் பிள்ளைக்கு அதே அறிவுரை கடையில்தான் கிடைக்கிறது. கடைக்காரரை அவர் எதை வைத்து நம்புவார்? ‘நம்ம ஊர்க்காரர்’, ‘சீனியர் ஒருத்தர் சொன்னார்’, ‘ஆபீஸ் பெரிசா இருக்கு’. உரிமத்தின் அருமை இங்கேதான். யாரையும் தெரியாதவருக்கு, தெரிந்தவர் இருக்கும் இடத்தை நிரப்புகிற ஏற்பாடு அது. அவர் உங்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. தவறு செய்தால் அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது போதும்.

(1913இல் அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனபோது இன்று நாம் படும் விசாப் பாடு இல்லை. நுழைவுக் கட்டுப்பாடுகள் முதல் உலகப் போரை ஒட்டி இறுகியவை. இன்று போயிருந்தால் அவர் கையிலும் வங்கிக் கணக்கு விவரம் கேட்டிருப்பார்கள்.)

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நியூசிலாந்தில் 2007ஆம் ஆண்டின் குடிவரவு ஆலோசகர் உரிமச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பதே குற்றம். வழக்கறிஞர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஆலோசகர் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும். ஏமாற்றினால் ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் உரிமத்தை ரத்து செய்யலாம், வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இழப்பீடு தரவும் உத்தரவிடலாம். கனடாவில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை தர வேண்டுமானால் வழக்கறிஞராகவோ, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும். பெயர்தான் கல்லூரி, நம் பார் கவுன்சில் மாதிரியான அமைப்பு அது. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. அதைக் கவனிக்கும் அமைப்பு 2025 ஜனவரியிலிருந்து குடிவரவு ஆலோசனை ஆணையம் என்ற புதுப் பெயரில் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஒவ்வொரு முகவருக்கும் ஏழு இலக்க எண் உண்டு. நான்கு நாடுகளிலும் இந்தப் பதிவேடுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. பெயரைத் தட்டினால் ஆள் இருக்கிறாரா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் பார்த்து ஒரு ஓட்டை இருக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியச் சட்டங்கள் அந்தந்த நாட்டுக்குள் கொடுக்கப்படும் ஆலோசனையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. நியூசிலாந்துச் சட்டம் கடல் தாண்டியும் செல்லும், ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு மாணவர் விசாவுக்கு மட்டும் ஆலோசனை சொல்பவருக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. கனடாச் சட்டம் எழுத்தில் கடுமையானது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் கடை போட்டவரை அது எப்படி வந்து பிடிக்கும்? நம் நாட்டுச் சட்டமோ இன்னும் மோசம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புபவர்களுக்கு மட்டும்தான். அதன்படி ஆளெடுக்கும் முகவர் பதிவு செய்திருக்க வேண்டும், தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். வளைகுடாவுக்குப் போகும் நம் தெரு அண்ணன்களில் எத்தனை பேருக்கு அந்த 30,000 என்ற வரம்பு தெரியும் என்பது தனிக் கதை. மாணவர்களை அனுப்பும் கன்சல்டன்சிகள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

இந்த ஓட்டை என்ன செய்யும் என்பதை 2023இல் கனடாவில் பார்த்தோம். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள். படிப்பை முடித்து, வேலை பார்த்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த நேரத்தில், நீங்கள் ஆரம்பத்தில் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்று நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. கடிதத்தைத் தயாரித்தவர் ஜலந்தர் ஏஜென்ட். விண்ணப்பத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. மாணவர்களே சொந்தமாக விண்ணப்பித்ததாகத்தான் ஆவணங்கள் காட்டின. அவர்கள் வெயிலில் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் கனடா அரசு நடவடிக்கையை நிறுத்திவைத்து, ஒவ்வொரு வழக்காகப் பரிசீலித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும் முறையும் வந்தது. நமக்கான பாடம் அந்தப் பெயர் இல்லாத விண்ணப்பத்தில் இருக்கிறது. உரிமம் உள்ள ஆலோசகர் தன் பெயரையும் எண்ணையும் பிரதிநிதிப் படிவத்தில் எழுதுவார். “என் பெயர் வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்” என்று ஒருவர் சொன்னால், மாட்டும்போது மாட்டப்போவது நீங்கள் மட்டும்தான் என்பதை அவர் அப்போதே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

‘இலவச ஆலோசனை’ என்ற பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்துக்கு வாடகை யார் கொடுக்கிறார்கள்? நீங்கள் கட்டும் முதலாண்டுக் கட்டணத்திலிருந்து பல்கலைக்கழகங்கள் கமிஷன் கொடுக்கின்றன. இது ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். தேசிய வெளிநாட்டு உதவித்தொகை குறிப்பிட்ட தரவரிசைக்குள் வரும் பல்கலைக்கழகங்களுக்குத்தான் கிடைக்கும். கமிஷன் அதிகம் தரும் கல்லூரிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. உதவித்தொகைக்குத் தகுதியுள்ள ஒரு பிள்ளையைக் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளையாக மாற்றுவதில்தான் அந்தக் கடைக்கு லாபம்.

‘ஷோ மணி’ வியாபாரமும் இதே கடையில்தான் நடக்கிறது. வங்கிக் கணக்கில் சில வாரங்களுக்கு யாரோ ஒருவருடைய பணத்தைப் போட்டுக் காட்டி, வட்டியை நம் பெற்றோரிடம் வாங்குவது. பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் படிப்புக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் அரசு முழுமையாக ஏற்கும்போது, அந்த அரசின் கடிதமே போதும், 28 நாள் கணக்கு தேவையில்லை. தேசிய உதவித்தொகையோ தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமோ கிடைத்த மாணவர் முதலில் செய்ய வேண்டியது, தன் கடிதத்தில் எந்தெந்தச் செலவு, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று தெளிவாக இருக்கிறதா எனப் பார்ப்பதுதான். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். சொன்னால் வட்டி போய்விடும்.

அரசும் இதில் குற்றவாளிதான். 2025 ஜூலையில் தேசிய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் தற்காலிகக் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்க வேண்டிய பிள்ளை ஜூலையில் கடிதம் இல்லாமல் நின்றால், ‘ஷோ மணி’க்காரர் வாசலுக்குத்தான் போவார். அந்த வாசலுக்கு வழி காட்டியது யார்?

சரி, காசு கொடுத்தாவது ஆலோசகரிடம் போக வேண்டிய நேரம் எது? இந்த வலைப்பூவைப் படிக்கும் உங்களுக்கென்றே இருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. வழக்கு. சிலை அவமதிப்பைக் கண்டித்துச் சாலை மறியல் செய்திருப்பீர்கள். காலையில் கைது, மதியம் கல்யாண மண்டபத்தில் தக்காளி சாதம், மாலையில் விடுதலை. சில நேரம் முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கும், உங்களுக்கே தெரியாது. கனடாப் படிவம் தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை, குற்றம் தொடர்பாக எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றும் கேட்கிறது. பிரிட்டன் படிவம் தண்டனைகளையும், விசாரணையை எதிர்நோக்கும் கைது அல்லது குற்றச்சாட்டையும் கேட்கிறது. மண்டபத்தில் அடைத்தது இதில் வருமா? முடித்துவைக்கப்பட்ட வழக்கை எழுத வேண்டுமா? ஏஜென்ட் யோசிக்காமல் ‘இல்லை’ என்பதில் டிக் அடிப்பார். அந்த ஒரு டிக், பின்னால் பொய்த் தகவல் என்று தீர்மானிக்கப்பட்டால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் பத்தாண்டு வரை. உண்மையைச் சொல்லி, முதல் தகவல் அறிக்கையின் நகலையும் அமைதியான போராட்டம் என்ற விளக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பது எப்படி என்று தெரிந்தவருக்குக் கட்டணம் கொடுங்கள். அது வீண் போகாது. நம் போராட்டம் குற்றம் இல்லை, அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

(பாஸ்போர்ட் வேறு விஷயம். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெறும் முதல் தகவல் அறிக்கை அப்படியான நிலுவை ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வழக்கு நிலுவையில் இருந்தாலும் அந்த நீதிமன்றத்திடம் அனுமதி பெற்று வாங்கலாம். இதற்கு உள்ளூர் வழக்கறிஞரே போதும்.)

இரண்டாவது, பெயர். தலித் கிறித்தவக் குடும்பங்களில் சான்றிதழில் ஒரு பெயரும் கோயில் பதிவேட்டில் ஒரு பெயரும் இருப்பது நமக்குத் தெரிந்ததுதான். கிறித்தவத்துக்கு மாறினால் பட்டியல் சாதி உரிமை போகும் என்று 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை சொல்வதால் வந்த வினை அது. ‘வேறு பெயரால் அறியப்பட்டிருக்கிறீர்களா’ என்று படிவம் கேட்கும்போது அந்தப் பிள்ளை திகைத்துப் போகிறது. இதை யாரிடம் நம்பிப் பேசுவது? உரிமம் பெற்றவர் வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். தெருமுனைக் கடைக்காரருக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை, அவருக்கு நம் ஊர்க்காரர்களையும் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை விசா மறுக்கப்பட்டவர்களும், கணவர் அல்லது மனைவி, குழந்தையோடு போகிறவர்களும் இதே வரிசையில் வருவார்கள்.

உரிமம் சாதியை ஒழித்துவிடாது. பதிவேட்டில் இருக்கும் நம் நாட்டுக்காரர்களிலும் முதல் ஐந்து நிமிடத்தில் ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று தோண்டுபவர்கள் உண்டு. உரிமம் வைத்துக்கொண்டே ஏமாற்றியவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் மீது எங்கே புகார் கொடுப்பது என்று நமக்குத் தெரியும். கடைக்காரர் பலகையைக் கழற்றிவிட்டுப் போனால், காவல் நிலையத்தில் மனு ரசீது வாங்கவே மூன்று நாள் அலைய வேண்டும்.

ஆகவே போனதும் கேளுங்கள்: உங்கள் பதிவு எண் என்ன? அவர் காட்டும் சான்றிதழை நம்பாமல் அந்த நாட்டின் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். எண் அவருடையதா, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ‘பார்ட்னர்’ உடையதா என்று பாருங்கள். பார்ட்னருடையது என்றால் அவரோடு வீடியோவில் பேசாமல் பணம் கட்டாதீர்கள். விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லோடு இருக்கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். அசல் சான்றிதழ்களை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அனுப்புவதற்கு முன் முழு விண்ணப்பத்தையும் ஒருமுறை படியுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறினால் எங்களிடம் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். என்ன எழுதலாம் என்று சொல்லும் உரிமம் எங்களுக்கும் இல்லை, ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல முடியும்.

ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய உதவித்தொகையில் விசாக் கட்டணம் சேர்த்துத் தரப்படுகிறது, ஆலோசகர் கட்டணம் அதில் இல்லை. லட்சக்கணக்கில் ஒரு மாணவருக்குச் செலவு செய்யத் தயாராக இருக்கும் அரசு, வழக்கோ பெயர்ச் சிக்கலோ முந்தைய மறுப்போ உள்ள சிலருக்கு உரிமம் பெற்ற ஆலோசகரின் ஒருமணி நேரக் கட்டணத்தைக் கொடுப்பதில் என்ன தயக்கம்? மாணவர்களை அனுப்பும் கன்சல்டன்சிகளுக்குப் பதிவையும் கட்டண வரம்பையும் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும். வேலைக்கு அனுப்புபவருக்கு 1983லேயே போட்ட கடிவாளத்தைப் படிப்புக்கு அனுப்புபவருக்கு இன்றுவரை போடாமல் இருப்பதற்குக் காரணம் கேட்டு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகங்களில் மனு கொடுக்கப் போகிறோம். அடுத்த சேர்க்கைக்குத் தயாராகும் மாணவர்கள், ஏஜென்ட்டிடம் கட்டிய பணத்தின் ரசீது நகல் இருந்தால் அனுப்புங்கள். ரசீதே தராமல் வாங்கியிருந்தால் அதையும் தேதி போட்டு எழுதி அனுப்புங்கள்.