எலி வரும் வழியை அடைப்போம்



சென்ற இதழில் மாட்டுக் கொட்டகையின் சாக்கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த எங்கள் லயத்துத் தாய்மார்கள் சிலர், "வாத்தியாரே, சாக்கடை இருக்கட்டும். எலிக்கு ஒரு வழி சொல்லுங்கள். எத்தனை முறை மருந்து வைத்தாலும் மறு மாதமே வந்துவிடுகிறதே!" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த எலி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தீனி தின்னும். கொட்டகையில் 20 எலிகள் இருந்தால் நாளுக்கு அரைக் கிலோ, மாதத்திற்கு 15 கிலோ. நாலு மாதம் போவதற்குள் 50 கிலோ மூட்டை ஒன்று காலி! மூத்திரமும் புழுக்கையும் போட்டு அவை கெடுப்பது தனிக் கணக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. பெண் எலி மூன்றே வாரம் சினையாக இருந்து, ஓர் ஈற்றில் 6 முதல் 8 குட்டிகள் வரை போடும். அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்தில் ஈனத் தொடங்கிவிடும். தீனியும் ஒளிய இடமும் இருக்கும் வரை, நாம் கொன்ற எலிகளின் இடத்தை மிச்சமிருப்பவை நிரப்பிவிடும். மருந்து தோற்பது இதனால்தான். ஆகவே, தீனியை மூடுவதும் வழியை அடைப்பதும் முதல் வேலை. கொல்வது அடுத்த வேலை.

தீனி நட்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி, ஈரத் தரையிலும் தேங்கிய நீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகவோ, கண், வாய் வழியாகவோ உடம்புக்குள் புகுந்துவிடும். மலாய்க்காரர்கள் 'கென்சிங் தீக்குஸ்' என்று சொல்லும் எலிக் காய்ச்சல் இதுதான். மலேசியாவில் மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் 2010-ஆம் ஆண்டு இதையும் சேர்த்தார்கள். திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீரகமும் கெட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணப்படுத்தலாம். எனவே காய்ச்சல் கண்டால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போய், "நான் மாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறேன், அங்கே எலி உண்டு" என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கொட்டகை கழுவும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வெறுங்காலோடு அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

இனி, செய்ய வேண்டியவை.

தீனி: புண்ணாக்கு, தவிடு, கோழித் தீனி எல்லாவற்றையும் மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். பூச்சிமருந்து இருந்த டிரம் மட்டும் வேண்டவே வேண்டாம். சாக்கில்தான் வைக்க வேண்டுமென்றால், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். எலி ஓடினால் கண்ணில் படும். பொழுது சாயும்போது கோழித் தீனித் தட்டை எடுத்துவிடுங்கள். முட்டையை மறுநாள் காலைக்கென்று விட்டு வைக்காதீர்கள்.

வழி: கட்டைவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும், சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டையே போதும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை நிறுத்துமே தவிர எலியை நிறுத்தாது. கால் அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பி வலையை அடியுங்கள். சுவர் ஓட்டைகளைச் சிமெண்டு பூசி அடையுங்கள். கதவின் அடியில் தகரத் துண்டு அடியுங்கள். கொட்டகைத் தூண் மரமாக இருந்தால், மூன்றடி உயரத்தில் ஓரடி அகலத் தகரத்தைச் சுற்றி அடியுங்கள். ஏறும் எலி வழுக்கி விழும். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். சுற்றிலும் மூன்றடிக்குப் புல் இல்லாமல் வையுங்கள்.

பொறி: ஒரு பொறி வைத்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. ஐந்தாறு வேண்டும். எலி சுவரோரமாகத்தான் ஓடும், அங்கே வையுங்கள். புதிய பொருளைக் கண்டால் அது சந்தேகப்படும். ஆகவே முதல் மூன்று இரவு பொறியை மாட்டாமல் கருவாட்டுத் துண்டு மட்டும் வைத்துப் பழக்குங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள். புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாமல், குளோரக்ஸ் கலந்த நீர் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள்.

மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால் பிள்ளை, நாய், கோழி எட்டாத பெட்டிக்குள் வையுங்கள். இன்னொன்று: செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகைக்குக் கட்டிய வீடு. அதன் இரையில் பெரும்பகுதி எலிதான். மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகக்கூடும். கூகை அலறினால் சாவு வரும் என்று சிலர் கல்லெறிகிறார்கள். காசு வாங்காமல் இராக்காவல் பார்க்கும் பறவையைத் துரத்தலாமா?

கடைசியாக ஒன்று. நீங்கள் மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குப் போய், பெருகித் திரும்பி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்தார் எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் செய்யுங்கள். ஆண்கள் வலையும் தகரமும் அடிக்கட்டும், பெண்கள் தீனியை டிரம்மில் மாற்றட்டும், பெரிய பிள்ளைகள் வெளியே நின்று, எந்தக் கொட்டகையில் எத்தனை ஓட்டை என்று எண்ணி நோட்டில் எழுதட்டும். அடுத்த மாதம் அதே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று வாருங்கள்.

உங்கள் லயத்தில் எத்தனை ஓட்டைகள் அடைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் கன்றுக்குட்டி வளர்ப்பைப் பற்றிப் பேசுவோம்.