செஞ்சி மலையும் முதுகுப்பையும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதப் புகுவோர் தேசிங்கின் வீரத்தை எழுதுவர். அவன்பால் மோவுத்துக்காரன் கொண்ட நட்பை எழுதுவர். கல்யாண மகாலின் அடுக்குகளையும், ஆனைக்குளத்தையும், சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் எழுதுவர். அம்மலைமீது ஏறிச் செல்லும் மாணவனின் முதுகில் தொங்கும் பையைப் பற்றி எழுதுவார் அரியர். பையும் ஒரு பொருளா, அதற்கும் ஒரு கட்டுரையா என்று பெரியோர் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும், மலையேற்றம் இன்பமாவதும் துன்பமாவதும் பெரும்பாலும் அந்தப் பையினால்தான் என்பது நம் துணிபு. அதனை இங்கே சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

செஞ்சி வட்டமும் அதனுள் அடங்கிய வல்லம் வட்டாரமும் கற்பாறைக் குன்றுகள் நிறைந்த நிலப்பரப்பு. தமிழ் பயிலும் மாணவர்க்கு இங்கே காண வேண்டியவை பல. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தாங்கி நிற்கும் திருநாதர்குன்று உண்டு; சிங்கவரத்துக் குடைவரைக் கோயில் உண்டு; இவை அனைத்திற்கும் மேலாக இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளைச் சுற்றி வளைத்த கோட்டை உண்டு. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் படைத்தலங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன. அப்பன்னிரண்டனுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை; எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. இனி இங்கு வருவோர் தொகை பெருகுமேயன்றிக் குறையாது. கல்லூரிகளின் கல்விச் சுற்றுலாக்களும் பெருகும்.

இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. இமயத்தோடு ஒப்பிட்டால் இஃது ஓர் உயரமா என்று தோன்றும். ஆனால் ஏறிப் பார்த்தவர் அவ்வாறு சொல்லார். படிகள் ஒரே சீரானவை அல்ல. சில உயர்ந்தவை, சில தேய்ந்தவை. நிழல் குறைவு. வெயில் ஏற ஏறப் பாறையும் கொதிக்கும். உச்சிக்குச் சற்று முன்னர் மலை பிளவுபட்டு ஆழ்ந்த பள்ளமாக நிற்க, அதன்மேல் அமைந்த சிறு பாலத்தைக் கடந்தே கோட்டையின் தலைவாயிலை அடைதல் வேண்டும். எட்டாண்டுக் காலம் மொகலாயப் படையை வெளியே நிறுத்தி வைத்து, 1698இல்தான் பணிந்த கோட்டை இது. படைகளையே தடுத்த மலை, ஒரு தோளில் பையையும் ஒரு கையில் நீர்க்குப்பியையும் மற்றொரு கையில் உணவுப் பொட்டலத்தையும் தூக்கி வருவோரை எளிதில் விட்டுவிடுமா?

முன்னோர் அறிந்த சுமைநெறி

"நம் முன்னோர் செருப்பும் இன்றி மலையேறினர், அவர்களுக்கு ஏது இந்தப் பைகளெல்லாம்?" என்று வினவுவோர் உளர். முன்னோர் வலியர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சுமையைப் பற்றிச் சிந்தியாதவர் என்பதை ஒருபோதும் ஏற்க இயலாது.

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாத்தை நினைத்துப் பாருங்கள். செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலைக்கும் அப்பால் உள்ள செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் நூல் அது. அதனைத் தமிழின் முதல் மலையேற்ற வழிகாட்டி எனலாம். பாசி படர்ந்து அடியை வழுக்கும் இடங்களையும், பாம்புறையும் அளைகளையும், தினைப்புனத்துக் காவலர் எறியும் கவண்கல்லையும் அது எச்சரிக்கிறது. அந்தக் கூத்தர் எவ்வாறு புறப்படுகின்றனர்? தம் இசைக்கருவிகளையெல்லாம் எடை ஒத்து நிற்குமாறு பைகளில் கட்டிக் காவிக்கொண்டு புறப்படுகின்றனர். கருவிகளை இட்ட பைக்குக் 'கலப்பை' என்று பெயரும் இருந்தது. வழிநடையைச் சொல்ல வந்த புலவர் முதலிலேயே பையைச் சொன்னார். அதன் எடை ஒத்திருந்ததையும் சொன்னார். பெரும்பாணாற்றுப்படையோ மிளகுப் பொதி சுமக்கும் கழுதையின் முதுகில் நிலைத்துவிட்ட வடுவையும் காட்டுகிறது. தவறாத சுமையும் முதுகில் தழும்பிடும் என்பதை அன்றைய புலவர் கண்டிருந்தனர்.

இலக்கியம் நிற்க, வாழ்க்கையைப் பார்ப்போம். தலைச்சுமை தூக்கும் பெண் முதலில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தாள். சுமை ஒரே இடத்தில் அழுந்தாமல் பரவவும், தலைவழியே நேராக முதுகெலும்பில் இறங்கவும் அந்தச் சும்மாடு உதவிற்று. காவடி சுமந்தவன் இருபுறமும் எடையை ஒப்பச் செய்தான். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்கள், கூடையை முதுகில் இட்டு அதன் கயிற்றைத் தலையில் மாட்டி, இரு கைகளையும் விடுதலை செய்துகொண்டனர். வழிநெடுக நின்ற சுமைதாங்கிக் கற்கள், பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் உதவின. பிற நாட்டாரும் இதற்கு விலக்கல்லர். 1991இல் ஆல்ப்சு மலைப் பனிக்குள் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதனின் உடலருகே, முதுகில் சுமை தாங்குவதற்கான மரச்சட்டத்தின் பகுதிகளும் கிடைத்தன.

ஆகவே, முன்னோர் பையின்றி ஏறினர் என்பது வெறும் மயக்கம். சுமப்பது எப்படி என்று அறிந்து ஏறினர் என்பதே உண்மை. அந்த அறிவைக் கைவிட்டவர் இன்றைய நாமே.

எவ்வளவு சுமக்கலாம்?

பள்ளிச் சிறாரின் புத்தகச் சுமையைப் பற்றி 1989இல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் உருக்கமாகப் பேசினார். 1993இல் யஷ்பால் குழு 'சுமையற்ற கற்றல்' என்னும் அறிக்கையை அளித்தது. 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்று வரையறுத்தது. சமதளத்தில் வகுப்பறைக்குச் செல்வோர்க்கே இவ்வரம்பு எனின், மலையேறிப் பழகாதோர் அதனைக் கடவாதிருப்பதே அறிவுடைமை.

கணக்கிட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள மாணவி 5 கிலோ சுமக்கலாம். வெயிலில் ஏறி இறங்க அவருக்கு இரண்டரை லிட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், அதுவே இரண்டரைக் கிலோ. உணவு அரைக் கிலோ. குறிப்பேடு, துண்டு, தொப்பி, மருந்து, கைப்பேசி எல்லாம் சேர்ந்து மற்றோர் அரைக் கிலோ. எஞ்சுவது ஒன்றரைக் கிலோ. வெறும் பையே இரண்டு கிலோ இருப்பின் வரம்பு அப்போதே கடந்துவிட்டது அன்றோ? எனவே, வெறும்பை ஒரு கிலோவுக்குள் இருத்தல் வேண்டும். மயிலிறகும் மிகுந்தால் வண்டியின் அச்சை முறிக்கும் என்பதைக் குறள் கற்றோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுமையைக் குறைக்க வேண்டுமெனில் எதை வேண்டுமாயினும் குறையுங்கள். நீரை மட்டும் குறைக்காதீர்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஒருநாள் மலையேற்றத்திற்கு 20 லிட்டர் கொள்ளளவுள்ள பை போதும். 25 லிட்டரைத் தாண்ட வேண்டா. பெரிய பையில் இடமிருந்தால், அவ்விடத்தை நிரப்ப மனம் பொருள் தேடும்.

கொள்ளளவினும் முதன்மையானது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு முனைப்பாகத் தட்டுப்படும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்தால் வருவதே முதுகின் நீளம். உயரமானவர்க்கெல்லாம் முதுகு நீளம் என்பதில்லை. சிலர்க்குக் கால்களே நீளம். பையின் முதுகுப்பக்கம் இவ்வளவுக்குள் அடங்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடும் பை, ஏறும்போது பின்னுக்கு இழுக்கும்; இறங்கும்போது ஆடி நிலை தடுமாறச் செய்யும். மலையில் இறக்கமே ஏற்றத்தினும் இடர் மிக்கது என்பதை மறத்தல் ஆகாது.

தோள்வார்கள் அகன்றும், திண்டு வைத்தும், தோளின் வளைவை ஒட்டியும் இருக்க வேண்டும். கயிறு போன்ற மெல்லிய வார் தோளை அறுக்கும். மார்பின் குறுக்கே பூட்டும் வார் இருப்பின் தோள்வார்கள் நழுவா. அதனை மேலும் கீழும் நகர்த்த இயலுமாறு இருத்தல் பெண்களுக்குப் பெரிதும் நலம். இடுப்புவாரைப் பற்றி ஒரு சொல். திண்டு வைத்த அகன்ற இடுப்புவாரே சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும். மெல்லிய நாடா பையை ஆடாமல் நிறுத்துமேயன்றிச் சுமை தாங்காது. நாம் கூறிய ஐந்து கிலோவுக்கு நாடாவே போதும். அதனினும் மிகும் எனில் திண்டு வேண்டும். பையின் முதுகுப்பக்கம் காற்றோடும் வலைத்துணியால் ஆனதாக இருப்பது நம் நாட்டு வியர்வைக்கு ஏற்றது.

கடையில் வெறும்பையை மாட்டிக் கண்ணாடி முன் நிற்பதில் பயனில்லை. நீர் நிறைந்த குப்பிகள் நான்கினை உள்ளே வைக்கச் சொல்லி, வாரை இறுக்கி, பத்து நிமிடம் படியேறி இறங்கிப் பாருங்கள். எங்கே அழுத்துகிறது, எங்கே உரசுகிறது என்பதை முதுகே சொல்லிவிடும். விளம்பரப் பெயரைவிட முதுகின் சான்று நம்பத்தக்கது.

அடுக்கும் முறை

நல்ல பையும் தவறாக அடுக்கினால் கெட்ட பையே. கனமான நீர்க்குப்பி முதுகை ஒட்டி நடுவில் அமைய வேண்டும்; இலேசான துணி வெளிப்புறத்தில் அமைய வேண்டும். இடமும் வலமும் எடை ஒத்திருத்தல் வேண்டும். துப்பட்டாவோ புர்காவோ அணிவோர், தோள்வாரின் கீழே துணி மடிந்து அழுந்தாதபடி நீவிவிட்டுக்கொள்வது நன்று.

செஞ்சியில் குரங்குகள் மிகுதி. கையில் ஆடும் பொட்டலம் அவற்றுக்கு விடுக்கும் அழைப்பாகும். உணவெல்லாம் பைக்குள்ளே, ஜிப்பு மூடிய நிலையில் இருக்கட்டும். இரு கைகளும் வெறுமையாக இருந்தால்தான் தடுமாறும்போது சுவரையோ கம்பியையோ தோழியின் கையையோ பற்ற இயலும். மெல்லிய பாலித்தீன் பைகள் 2019 சனவரி முதலே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. அவற்றைக் கோட்டைக்குக் கொண்டு செல்வது சட்டத்திற்கும் மாறு, மலைக்கும் கேடு. ஏறும்போது நிறைந்திருந்த குப்பியும் உறையும், வெறுமையான பின்னரும் அதே பையில் இறங்கி வருதல் வேண்டும்.

நம் வேண்டுகோள்

இத்துணையும் கூறியபின் ஒரு வினா எழும். ஆண்டில் ஒருநாள் ஏறும் மலைக்காக ஏழை மாணவன் புதிய பை வாங்க இயலுமா? இயலாது, வாங்கவும் வேண்டா. வீட்டிலுள்ள பழைய பள்ளிப்பையே, வார் அறுந்திராமல், முதுகளவுக்கு ஒத்து, இரு தோள்களிலும் இறுக்கி மாட்டப்பட்டால் பெரிதும் பயன்படும். அதுவும் இல்லாதோர் நிலை என்ன?

சுற்றுலா என்றதும் பேருந்துக்குத் திட்டமிடுகின்றோம், உணவுக்குத் திட்டமிடுகின்றோம், நிழற்படத்திற்கும் திட்டமிடுகின்றோம். பைக்கு மட்டும் எவரும் திட்டமிடுவதில்லை. விளைவு யாது? நடுவழியில் தோள் நொந்து, நா வறண்டு, "நீங்கள் போய் வாருங்கள்" என்று படியில் அமர்ந்துவிடும் மாணவர் சிலர் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. அவர்கள் வலியற்றவர் என்று பிறர் கருதுவர். அவர்களும் அவ்வாறே தம்மைக் கருதத் தலைப்படுவர். குறை உடலில் இல்லை, தோளில் தொங்கிய பொருத்தமற்ற பையில் என்பதை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. பாடநூலில் படித்த கோட்டையைக் கண்ணால் காணும் வாய்ப்பு, ஒரு பையினால் ஒரு மாணவிக்குப் பறிபோகலாமா?

எனவே நாம் முன்வைப்பது இது: ஒவ்வொரு துறையும் தரமான முதுகுப்பைகள் இருபதினை வாங்கி வைத்து, நூலகத்தில் நூல் வழங்குவது போல் மாணவர்க்கு வழங்கி, பின் திரும்பப் பெறட்டும். முதுகளவு வேறுபடும் ஆதலின் சிறியவும் பெரியவும் கலந்திருக்கட்டும். நன்கு பேணினால் ஒரு பை பல ஆண்டுகள் உழைக்கும். பல தோள்களுக்கு உதவும். முன்னாள் மாணவர்களும் சமுதாயப் பெரியோரும் ஆளுக்கொரு பை அளித்தாலும் இது நிறைவேறும். அந்நாளில் அறம் செய்ய விழைந்தோர் வழியோரம் சுமைதாங்கி நட்டனர். இந்நாளில் மாணவர் முதுகுக்கு ஏற்ற பை ஒன்றை அளிப்பதும் அவ்வறத்தின் வழிப்பட்டதே.

ஆசிரியப் பெருமக்கள் புறப்படும் நாளுக்கு முன்தினமே மாணவர் பைகளைப் பார்வையிடுக. மாணவச் செல்வங்கள் வேண்டாதவற்றை வீட்டிலே விடுக. வேண்டுவனவற்றை ஒப்ப நிறைத்து, இறுக மாட்டி, கைவீசி ஏறுக. குழுவாய்ப் புறப்பட்டவர் அனைவரும் இராசகிரியின் உச்சியில் ஒருங்கே நிற்பதே கல்விச் சுற்றுலாவின் வெற்றி.