ஆடுகளம் யாருடையது?

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில், சீன நாட்டின் ஹாங்சோ நகரில், 44 வயதுடைய ஒருவர் கழுத்திலே தங்கப் பதக்கம் தொங்க, மேடையிலே நின்றார். ஓடவில்லை அவர், உயரம் தாண்டவில்லை, ஈட்டி எறியவில்லை. திரையின் முன் அமர்ந்தார், விரல்களால் போரிட்டார், வென்றார். தென்கொரியாவின் கிம் க்வான்-வூ என்பது அவர் பெயர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்பது அவர் ஆடிய ஆட்டம். காசு போட்டு ஆடும் ஆட்டக்கூடங்களிலே சிறுவனாகப் பழகியவர், ஆசியக் கண்டத்தின் முன்னே, தன் நாட்டின் பெயரால் நிமிர்ந்து நின்றார்.

கண்டோர் சிலர் களித்தனர். சிலர் கேலி பேசினர். "உட்கார்ந்த இடத்திலே பொத்தானைத் தட்டுவதும் ஒரு விளையாட்டா? அதற்கும் ஒரு தங்கமா?" என்று கேட்டனர். நம் தோழர்களிலும் அப்படிக் கேட்போர் உண்டு. பிள்ளை பொழுதெல்லாம் கைப்பேசியும் கையுமாகக் கிடப்பதைக் கண்டு நெஞ்சம் வெதும்பும் தந்தை அப்படிக் கேட்பதிலே வியப்பில்லை. அவரை எள்ளி நகையாடுவது நம் நோக்கமுமல்ல.

ஆனால், தோழர்களே, கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதைச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

உட்கார்ந்து ஆடுவது விளையாட்டாகாது என்றால், சதுரங்கம் என்னாகும்? 2006ஆம் ஆண்டு தோகாவில் ஆசிய விளையாட்டு மேடை ஏறியதே அது! 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்துக்குப் பதக்கம் தரப்பட்டது. 60 வயதுடைய பிரணாப் பர்தனும், 56 வயதுடைய சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டு வந்தார்கள். அன்று நாடு கைதட்டிற்று. நரம்பு முறுக்கேறிற்றா, நெற்றி வியர்த்ததா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. கூர்மதி, விரைவு, கூட்டுத்திறன், ஆண்டுக்கணக்கான பயிற்சி ஆகிய அனைத்தும் திரை ஆட்டத்துக்கும் வேண்டும். எனவே, ஆடும் இளைஞனைத் தாழ்த்திப் பேசுவதை விட்டுவிடுவோம். அவன் திறமைசாலி. அதனை ஒப்புக்கொண்ட பிறகே நாம் அவனுக்காக வாதாட முடியும்.

ஆம், அவனுக்காகத்தான் வாதாட வேண்டியிருக்கிறது. யாரிடம் என்கிறீர்களா? ஆட்டத்தின் உடைமையாளரிடம்!

உதைபந்து ஆடுகிறோம். அந்தப் பந்தைச் செய்து விற்பவர் உண்டு. ஆனால் உதைபந்து என்னும் ஆட்டத்துக்கு உடைமையாளர் என்று ஒருவர் இல்லை. ஆற்று மணலிலே கோடு கிழித்துச் சடுகுடு ஆடினோம். எந்த முதலாளியிடமும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. ஊர் ஏரியைப் போல, ஊர் மந்தையைப் போல, ஆட்டம் எல்லோருக்கும் பொது.

பொதுவாக இருந்ததால் என்ன விளைந்தது என்பதற்கு வரலாறு சான்று கூறும். ஜூடோ ஜப்பானியரின் பெருமை. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்களே அதனைச் சேர்த்தனர். எடை வரம்பற்ற பிரிவிலே, அவர்கள் மண்ணிலே, அவர்கள் மக்கள் முன்னிலையிலே, ஆலந்து நாட்டு அன்டன் ஹீசிங்க் தங்கத்தைத் தட்டிச் சென்றார். சடுகுடுவின் கதையும் அதுவே. 1990இல் பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமானதிலிருந்து 2014 வரை, ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. 2018இல் ஈரான் வந்தது. ஆடவர் தங்கம், மகளிர் தங்கம் இரண்டையும் கொண்டு சென்றது. இந்தியருக்கு வருத்தந்தான், ஆயினும் சடுகுடு வளர்ந்தது. 2023இல் ஹாங்சோவில் இந்தியா போராடி அந்த இரு தங்கங்களையும் மீட்டது. கற்க விரும்பியவன் கற்கலாம், கற்றவன் ஆசானையே வெல்லலாம் என்ற நிலை இருந்ததால் அல்லவா இது நடந்தது?

இனி ஹாங்சோவின் திரைகளைப் பாருங்கள்.

மின்விளையாட்டு அங்கே திடீரென்று முளைத்ததல்ல. 2007இல் மக்காவில் நடந்த ஆசிய உள்ளரங்கு விளையாட்டுகளிலேயே அது தலைகாட்டிற்று. 2017இல் ஆசிய ஒலிம்பிக் மன்றம், அலிபாபா குழுமத்தின் விளையாட்டு நிறுவனத்தோடு கைகோத்தது. 2018இல் ஜகார்த்தாவில் ஆறு ஆட்டங்கள் காட்சிப் போட்டியாக நடந்தன. 2019இல் பிலிப்பைன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பதக்கம் கிடைத்தது. 2023இல் ஹாங்சோவில் ஏழு ஆட்டங்கள், ஏழு தங்கங்கள். இதற்கெனவே எழுப்பிய அரங்கம். நுழைவுச் சீட்டுக்குக் குலுக்கல் நடத்த வேண்டிய அளவுக்குக் கூட்டம்! அலிபாபாவின் தலைமையகம் அமைந்த நகரமும் ஹாங்சோதான் என்பதை இங்கே நினைவிற்கொள்ளுங்கள்.

ஏழு ஆட்டங்கள் என்றோம். முதலில் அறிவித்தவை எட்டு. எட்டாவது எங்கே போயிற்று?

ஹார்த்ஸ்டோன் என்பது அதன் பெயர். ஆக்கியது பிளிசார்டு என்னும் அமெரிக்க நிறுவனம்; சீனாவில் நடத்தியது நெட்ஈஸ் என்னும் நிறுவனம். இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முறிந்தது. சீனாவிலே ஆட்டத்தின் வழங்கிகள் நின்றன. ஆட்டம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது! வீரர் எவரும் குற்றம் செய்யவில்லை. நாடு எதுவும் விலகவில்லை. இரண்டு கம்பெனிகளின் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு கண்டத்தின் பதக்கம் ஒன்று காணாமற்போயிற்று. 2018இல் இதே ஆட்டத்தில்தான் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். காட்சிப் போட்டியானதால் அது பதக்கப் பட்டியலில் ஏறவில்லை. பதக்கம் கணக்கில் ஏறும் காலம் வந்தபோதோ, ஆட்டமே இல்லை! 2024இல் கம்பெனிகள் இரண்டும் சமாதானமாயின; ஆட்டம் சீனாவுக்குத் திரும்பிற்று. இழந்த வாய்ப்பு திரும்பிற்றா?

நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இப்படி நேருமா? "ஓட்டத்தின் உரிமம் முடிந்துவிட்டது, ஓட்டக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று எவராவது சொல்ல முடியுமா?

இன்னொன்று கேளுங்கள். கிம் க்வான்-வூ தங்கம் வென்றது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இல். அதன் அடுத்த பதிப்பாகிய ஆறு, அதே ஆண்டு ஜூன் திங்களிலேயே கடைக்கு வந்துவிட்டது. உலகம் புதியதற்கு மாறிக்கொண்டிருந்தபோது அவர் பழையதிலே முடிசூடினார். ஆட்டக்காரனின் பயிற்சிக்குக் காலாவதி குறிப்பது அவன் முதுமையல்ல, விற்பனையாளரின் நாட்குறிப்பு! உதைபந்துத் திரை ஆட்டத்தின் பெயரே, ஆக்கிய நிறுவனத்துக்கும் உலக உதைபந்துக் கூட்டமைப்புக்கும் இருந்த பந்தம் அறுந்ததால், அதே ஆண்டில் எஃப்.சி. ஆன்லைன் என்று மாறிற்று.

ட்ரீம் த்ரீ கிங்டம்ஸ் 2 என்றோர் ஆட்டமும் இருந்தது. சீனாவுக்கு வெளியே அதனை அறிந்தோர் மிகச் சிலர். ஆக்கிய கம்பெனி எங்கே? அதே ஹாங்சோ நகரிலே! தங்கம் யாருக்கு? சீனாவுக்கு! விழா நடத்தும் நாடு தனக்குப் பழகிய ஆட்டத்தைச் சேர்ப்பது புதுமையல்ல. ஜூடோவை ஜப்பான் சேர்த்தது. ஆனால் ஜூடோவைக் கற்க ஹீசிங்க் எந்தக் கம்பெனியின் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. இங்கே கதவும் அவர்களுடையது, பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. ஏழு ஆட்டங்களில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், அரீனா ஆஃப் வேலர், பப்ஜி மொபைல் என்னும் மூன்றும், டென்சென்ட் என்னும் ஒரே சீனக் குழுமத்துக்குச் சொந்தமானவை, அல்லது அதன் பட்டறையிலே உருவானவை. உழுபவன் ஒருவன், நிலம் மற்றொருவனுக்கு என்னும் பழைய ஜமீன் முறை, கண்ணாடித் திரைக்குள்ளே புதுக்கோலம் பூண்டு வந்திருக்கிறது.

சீன அரசு இந்தக் கம்பெனிகளைக் கண்டு நடுங்கும் அரசா என்றால், அதுவுமில்லை. 2021 ஆகஸ்டுத் தொடக்கத்தில் சீன அரசுச் சார்பு ஏடொன்று, திரை ஆட்டத்தை உள்ளத்தைக் கெடுக்கும் அபின் என்று சாடிற்று. டென்சென்ட்டின் பங்கு விலை சரிந்தது. அதே மாத இறுதியில் ஆணை பிறந்தது: 18 வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும், இரவு 8 மணி முதல் 9 மணி வரை ஆடலாம், மற்ற நேரத்தில் ஆடக்கூடாது! இரண்டே ஆண்டுகளில், அதே அரசு நடத்திய விழாவில், ஏழு தங்கங்களில் நான்கினைச் சீனா வென்றது. வீட்டிலே அபின், விழாவிலே அமுதம்! முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நாமோ இதிலிருந்து ஒரு பாடம் கற்கிறோம். அரசு நினைத்தால் கம்பெனியைக் கட்டுப்படுத்த முடியும். கட்டுப்பாட்டை எந்தத் திசையிலே செலுத்துவது என்பதே கேள்வி.

அதே ஹாங்சோவில் மற்றொரு சான்றும் கிடைத்தது. பப்ஜி மொபைல், மனிதரை மனிதர் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். ஒலிம்பிக் கொள்கைக்குக் கொலை ஆட்டங்கள் ஒவ்வா என்று, அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் அந்நாளைய தலைவர் தாமஸ் பாக் 2018இலேயே கூறியிருந்தார். ஹாங்சோவுக்கென்று அந்த ஆட்டமே மாற்றியமைக்கப்பட்டது. வீரர்கள் வண்டியோட்டி விரைந்தனர், வழியிலிருந்த இலக்குகளைச் சுட்டனர், ஒருவரையொருவர் சுடவில்லை. பார்த்தீர்களா, தோழர்களே! பொதுமன்றம் கேட்டால் கம்பெனி ஆட்டத்தையே மாற்றித் தருகிறது. துப்பாக்கியைத் திருப்பச் சொல்ல முடிந்த மன்றத்துக்கு, உரிமத்தை உறுதி செய்யச் சொல்ல முடியாதா?

இதெல்லாம் பிள்ளைகளின் வேடிக்கை, இதற்கா இத்தனை வாதம் என்று எண்ணுவோர் தென்கொரியாவைப் பார்க்கட்டும். அங்கே உடல் வலுவுள்ள ஆடவர் ஒவ்வொருவருக்கும் படைப்பணி கட்டாயம். தரைப்படையில் அது 18 மாதம். ஆசிய விளையாட்டிலே தங்கம் வென்றால் அதிலிருந்து விலக்கு உண்டு. சில வாரப் பயிற்சியும் பொதுத்தொண்டும் போதும். 'ஃபேக்கர்' என்று உலகம் அழைக்கும் லீ சாங்-ஹியோக்கும் அவர் குழுவினரும், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் சீனாவை அரையிறுதியிலும், சீனத் தைபேயை இறுதியிலும் வென்று அந்த விலக்கைப் பெற்றனர். ஓர் இளைஞனின் ஒன்றரை ஆண்டு வாழ்வு ஒரு தங்கத்திலே தொங்குகிறது. அந்தத் தங்கமோ, கம்பெனி நினைத்தால் மறைந்துவிடக்கூடிய ஆட்டத்திலே தொங்குகிறது. இதுவா வேடிக்கை?

பணத்தின் கையிலே ஆட்டத்தை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை ஒலிம்பிக் குழுவும் அறிந்துகொண்டது. 2024இல் மின்விளையாட்டுக்கெனத் தனி ஒலிம்பிக் என்று அறிவித்து, சவூதி அரேபியாவோடு 12 ஆண்டு உறவு பூண்டது. முதல் விழா 2025இல் என்றார்கள். பிறகு 2027 என்றார்கள். 2025 அக்டோபரில், இரு தரப்பும் ஒப்பிப் பிரிவதாக அறிவித்துவிட்டார்கள். 12 ஆண்டு என்றது, ஒன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை.

இந்திய ஒன்றிய அரசின் போக்கு என்ன? 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை. 2022 டிசம்பரில் மின்விளையாட்டை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டுக்கு ஏற்பு அளித்தது. சூதையும் விளையாட்டையும் பிரித்தது நன்று. சூதிலே அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் ஆடுகளம் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நாம் கேட்பது பெரிதல்ல. நாட்டின் கொடியோடு ஓர் ஆட்டம் மேடை ஏற வேண்டுமானால், அதன் உடைமையாளர் பொதுமன்றத்துக்கு எழுத்து மூலம் உறுதி தரட்டும்: அறிவித்த ஆட்டம் விழா முடியும்வரை மறையாது, ஆடப்போகும் பதிப்பு ஓராண்டுக்கு முன்பே தெரிவிக்கப்படும், பங்கேற்கும் எல்லா நாட்டாருக்கும் அதே பதிப்பு, அதே காலத்தில், விலையின்றிப் பயிற்சிக்குக் கிடைக்கும், விதியை மாற்றும் அதிகாரம் விழா நாள்களிலே நடுவரிடம் இருக்கும், கம்பெனியிடம் இராது. இதற்கு ஒப்பாத கம்பெனி தன் ஆட்டத்தைத் தன் சந்தையிலே நடத்திக்கொள்ளட்டும். அங்கே அது வாணிகம். வாணிகத்துக்குக் கொடி எதற்கு? நாட்டுப் பண் எதற்கு?

தோழர்களே! உங்கள் தெருவிலே, படிப்பகத்தின் திண்ணையிலே, நான்கு இளைஞர்கள் கைப்பேசியில் குனிந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை அதட்டி விரட்டாதீர்கள். அருகே அமருங்கள். "தம்பி, நன்றாக ஆடுகிறாய். நாளைக்கு இந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவன் நிமிர்ந்து பார்ப்பான். அங்கே தொடங்கட்டும் நம் பேச்சு.